வண்டி நம்முடையது, சாலை யாருடையது?

இலக்கியம் பேசும் பக்கத்தில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களை உத்தேசித்தே இக்கட்டுரை. பேசப்போகும் விளையாட்டு எல்லோரும் அறிந்த ஒன்றும் அல்ல. ஜப்பானின் மலைச்சாலைகளில், ஊர் உறங்கிய பிறகு, இரண்டு கார்கள் ஒன்றையொன்று துரத்தி இறங்கும் பந்தயத்தை மட்டுமே பொருளாகக் கொண்ட சிறிய வகைமை ஒன்று இருக்கிறது. கெங்கி என்னும் ஜப்பானிய நிறுவனம் 2003-இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளியிட்ட ‘கைடோ பேட்டில்’ அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கோடிக்கணக்கில் விற்ற கிரான் டூரிஸ்மோ வரிசையின் நிழலில், இந்த ஒரு சுவைக்கென்றே இருந்த கொஞ்சம் பேருக்காகச் செய்யப்பட்டது அது.

எங்கள் கட்சியைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிலம், நிலம் என்று பல பத்தாண்டுகளாகப் பேசிவரும் தமிழ்ச் சிற்றிதழ் உலகம் செய்யத் தவறிய ஒரு காரியத்தை, அது ஏளனமாகப் பார்க்கும் இந்த விளையாட்டு செய்திருக்கிறது. ஒரு சாலையை அதன் பெயர் சொல்லி, வளைவு வளைவாக, ஆடுகிறவனுக்கு மனப்பாடமாகும்படி பதிந்து வைத்திருக்கிறது. இது கலையின் வேலை; நம் முன்னோர் செய்துவந்த வேலை. நாம் கைவிட்டுவிட்டோம். கைவிட்டதோடு நில்லாமல், செய்பவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறோம்.

இதைச் சொல்லும் நாங்கள் மலைநாட்டார் அல்லர். விழுப்புரத்துக்கு வடமேற்கே, பம்பையாற்றங்கரையில், திருவாமாத்தூரிலும் அதைச் சுற்றியும் வாழும் சில வாசகர்கள். எங்கள் ஊர்ச் சாலையில் கொண்டை ஊசி வளைவு கிடையாது. சமவெளி, நெல்லும் கரும்பும். ஆகவே மலைச்சாலை விஷயத்தில் எங்களுக்கு ஊர்ப்பற்று எதுவும் இல்லை என்பதை எதிர்த்தரப்பினர் குறித்துக்கொள்ளலாம்.

*

முதலில் அந்த விளையாட்டு என்னவென்று பார்த்துவிடுவோம். பாராமலே தீர்ப்புச் சொல்வது நம் விமர்சன மரபில் புதிதல்ல என்றாலும்.

மலைக் கணவாய்க்கு ஜப்பானியர் ‘டோகே’ என்கிறார்கள். அந்தச் சொல்லை எழுதும் எழுத்து சீனத்திலிருந்து வந்ததன்று. ஜப்பானியர் தாமே புனைந்துகொண்டது. மலை, மேல், கீழ் என்னும் மூன்று வடிவங்களை ஒன்றாகச் சேர்த்தால் அந்த எழுத்து. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடம் என்று பொருள். ஒரே எழுத்துக்குள் ஒரு பயணம் அடங்கிவிடுகிறது.

‘கைடோ பேட்டில்’ என்ற பெயரோடு நான்கு இடங்களின் பெயர்கள் அந்த விளையாட்டின் முழுத்தலைப்பிலேயே இருக்கின்றன: நிக்கோ, ஹருனா, ரொக்கோ, ஹகோனே. நான்கும் நிஜமான மலைகள், நிஜமான சாலைகள். நம் பக்கத்தில் ஒருவர் ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலை, கல்லட்டி என்று அட்டையிலேயே அச்சிட்டு ஒரு விளையாட்டை விற்பதற்குச் சமம் இது. கற்பனை நகரத்தில், கற்பனை நெடுஞ்சாலையில் ஓடும் பந்தய விளையாட்டுகள் மலிந்த காலத்தில், வாங்குகிறவனிடம் ‘இது ஹருனா’ என்று சொல்லி விற்கத் துணிந்தார்கள். இதன் இரண்டாம் பாகம் 2004-இல் வந்தது. அது அமெரிக்கச் சந்தைக்குப் போனபோது தலைப்பில் ‘டோக்கியோ’ என்ற சொல் ஒட்டப்பட்டது. ஓடுவதோ மலைச்சாலையில். ஊர்ப்பெயரைக் கேட்டால் வாங்குகிறவன் மிரண்டுவிடுவான் என்று கருதும் வணிகன் எல்லா நாட்டிலும் இருக்கிறான் போலும். நம் பதிப்புலகிலும் அவனை நாம் சந்தித்திருக்கிறோம்.

நிக்கோ சாலையைப் பற்றி இலக்கிய வாசகர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. அங்கிருக்கும் மலைப்பாதையின் பெயர் இரோஹாசாகா. ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என இரு சாலைகள். இரண்டிலும் சேர்த்து 48 வளைவுகள். ஜப்பானிய எழுத்து ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை மட்டும் வரும்படி இயற்றப்பட்ட பழைய பாட்டு ஒன்று அங்கே உண்டு, நிலையாமையைச் சொல்வது, நெடுங்காலம் குழந்தைகள் அதைக்கொண்டே எழுத்துக் கற்றார்கள். அந்தப் பாட்டின் பெயர்தான் சாலைக்கு. வளைவுக்கு ஓர் எழுத்தாகப் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். மலை ஏறி இறங்குகிறவன் நெடுங்கணக்கை ஒருமுறை ஓதி முடிக்கிறான். நம்மூரில் கொல்லிமலைக்கு 70 வளைவுகள். காரவள்ளியிலிருந்து தொடங்கி வளைவுக்கு வளைவு பலகை உண்டு. பலகையில் இருப்பது எண். ஓரியும் கொல்லிப்பாவையும் வாழும் மலைக்கு ஓர் எண் போதும் என்று நாம் முடிவு செய்துவிட்டோம்.

இந்த வகைமைக்கு ஆதி நூல் என்று ஒன்றைச் சொல்வதானால், ஷுய்ச்சி ஷிகெனோ 1995 முதல் 2013 வரை தொடராக வரைந்து 48 தொகுதிகளாக வந்த ‘இனிஷியல் டி’ என்னும் சித்திரக் கதையைச் சொல்ல வேண்டும். கதாநாயகன் டோஃபு கடைக்காரரின் மகன். விடியுமுன் மலைமேல் இருக்கும் விடுதிக்கு டோஃபு கொண்டுபோய்ப் போடுவது அவன் வேலை. வண்டி 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட பழைய டொயோட்டா. தகப்பனார் ஒரு குவளையில் நீர் ஊற்றி வண்டியில் வைத்துவிடுகிறார். சரக்கு நசுங்காமல் இருக்க வேண்டுமானால் நீர் சிந்தக்கூடாது. வருடக்கணக்காக இப்படி ஓட்டியதில், தான் வேகமானவன் என்பதே தெரியாமல் அந்தப் பையன் மலையை மனப்பாடம் செய்துவிடுகிறான். கதையில் வரும் மலைக்குப் பெயர் அகினா; வரைந்திருப்பதோ குன்மா மாகாணத்து ஹருனாவை. சேகா நிறுவனம் இக்கதையைக் காசு போட்டு ஆடும் கூடங்களுக்கான விளையாட்டாக 2002-இல் கொண்டுவந்தது.

பந்தயத்தின் நியாயமும் எளிமையானது. ஒருவன் முன்னே போவான், மற்றவன் பின்னே துரத்துவான். முன்னே போகிறவன் துரத்துகிறவனைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் விட்டுவிட வேண்டும். முடியவில்லை என்றால் இடம் மாற்றிக்கொண்டு மறுபடியும். இறக்கத்தில் எஞ்சினின் சக்திக்கு மதிப்புக் குறைவு. பூமியே வண்டியை இழுக்கிறது. ஆகவே விலை உயர்ந்த வண்டியும் அடக்கமான வண்டியும் ஏறத்தாழ ஒரே தட்டில் வந்து நிற்கின்றன. வளைவுக்கு எவ்வளவு முன்னே பிரேக்கைத் தொடுவது என்பதே கேள்வி. பிரேக்கை அழுத்தினால் வண்டியின் பாரம் முன்சக்கரங்களுக்கு வருகிறது; அவை சாலையைப் பற்றுகின்றன; பின்பக்கம் இலேசாகிறது. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி வளைகிறது. சற்று அதிகமானால் பின்பக்கம் வழுக்கி வெளியே போகும். அப்போது வழுக்கும் திசைக்கே ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பிப் பிடிக்க வேண்டும். தாமதித்தால் தடுப்புச்சுவர். ஆடிப் பார்க்கிறவனுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்: இங்கே வெல்வது வேகமன்று, ஞாபகம். அடுத்து இடப்பக்கம் திரும்புமா, திரும்பியபின் குறுகுமா, குறுகியபின் சரிவு கூடுமா என்ற ஞாபகம்.

*

இதற்கும் தமிழ் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் நண்பரை, வீட்டு அலமாரியில் இருக்கும் பத்துப்பாட்டை எடுத்து மலைபடுகடாத்தைத் திறக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடியது. நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு, முன்பே போய் வந்த ஒருவன் மலைவழி சொல்கிறான். அவன் சொல்வது வருணனை என்று பாடப்புத்தகங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன. ஊன்றிப் படித்தால் அது ஓட்டுநருக்குச் சொல்லும் குறிப்பு. இன்ன இடத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு போங்கள். இன்ன இடத்தில் தினைப்புனம் காப்பவர் கவண் எறிவார்கள், கல் எந்தப் பக்கமிருந்தும் வரும். பாறை வழுக்கும், பற்றுக்கோடு பார்த்துக் கால் வையுங்கள். வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து வையுங்கள், பின்னால் வருபவருக்கு அடையாளம். இந்தப் புல்முடிச்சுக்கு முன்னால் நம்முடைய சமகால ‘நிலவெளிப் புனைவு’ எத்தனையை நிறுத்தலாம்?

நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம். எங்கள் ஊரிலிருந்து மேற்கே போனால் திருவண்ணாமலைக்கு அப்பால். அது தூரம் என்றால் இன்னும் பக்கத்திலேயே ஒன்று. சிறுபாணாற்றுப்படை 269 அடி. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். கடற்கரையில் எயிற்பட்டினம், பிறகு முல்லை நிலத்து வேலூர், பிறகு மருத நிலத்து ஆமூர், கடைசியில் அரசனின் கிடங்கில் என்று வழி போகிறது. எயிற்பட்டினம் மரக்காணம் என்பர். கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் இருக்கிறது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்று மரக்காணம் வண்டிக்குக் காத்திருக்கும் ஒவ்வொருவரும், தலைகீழாக, ஒரு சங்கப் பாட்டின் தடத்தில்தான் போகிறார்கள். ஆற்றுப்படை என்பது புகழ்ச்சிக்காக ஏற்பட்ட வகைமை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி அதன் பெயரிலேயே இருக்கிறது: வழிப்படுத்துதல். வழி தப்பாகச் சொன்னால் பாணன் போய்ச் சேரமாட்டான்.

எங்கள் ஊரிலேயே இதற்கொரு கதை உண்டு. இரட்டைப் புலவர்களை எல்லோரும் அறிவர். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். நடக்கக்கூடியவர் சுமக்க, பார்க்கக்கூடியவர் தோளிலிருந்து வழி சொல்ல, ஊர் ஊராகப் போனார்கள். ராலிப் பந்தயத்தில் பக்கத்தில் அமர்ந்து வளைவுகளை வாசிப்பவரின் தொழிலைத் தமிழில் முதலில் செய்தவர் அந்தத் தோளில் இருந்தவர்தான் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவர்கள் திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடினார்கள். அதை அரங்கேற்றியபோது, கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிப் பாடிவிட்டதாகச் சபையில் ஆட்சேபம் எழுந்ததாம். அன்றிரவு வெள்ளம் வந்து பம்பையாறு தடம் மாறி, பாட்டு மெய்யாயிற்று என்பது கதை.

பக்தர்கள் இக்கதையில் ஆறு நகர்ந்ததைப் பார்ப்பார்கள். எங்களுக்கு அந்தச் சபை முக்கியம். ஒரு புலவன் கரையை மாற்றிச் சொன்னால் நிறுத்திக் கேட்கும் சபை ஒன்று இருந்திருக்கிறது, அல்லது இருக்க வேண்டும் என்று கதை கட்டியவர்கள் கருதியிருக்கிறார்கள். சொல்லழகு வேறு, கரை வேறு. இரண்டும் சரியாக வேண்டும். இன்று ஒரு நாவலாசிரியர் செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் வழியில் இல்லாத ஆறு ஒன்றைக் கடக்க வைத்தால் எந்த விமர்சகர் கேட்பார்? மொழி நடையையும் உட்பிரதியையும் பற்றி நான்கு பக்கம் எழுதுவார். ஆனால் ஹருனாவின் ஐந்து தொடர் கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை விட்டுவிட்டு ஒரு விளையாட்டு வந்திருந்தால் அதன் ரசிகர்கள் சும்மா இருந்திருக்கமாட்டார்கள். ஆமாத்தூர்ச் சபை கலைந்து எங்கே போய்க் கூடியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

*

நிற்க. எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருவோம். இது பொதுச்சாலையில் நடக்கும் சட்டவிரோதப் பந்தயத்தைக் கொண்டாடும் பொருள்; தெருவில் இளைஞர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது இதற்கு இலக்கிய அந்தஸ்து வேறா என்பது அது.

சாவு நிஜம். அதை மழுப்ப எங்களுக்கு விருப்பமில்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை எங்கள் மாவட்டத்தின் நடுவே ஓடுகிறது. அதன் ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. விளையாட்டு விபத்தைக் குறைக்கும் என்றெல்லாம் வக்காலத்து வாங்க நாங்கள் வரவில்லை. ஜப்பானிலும் நிஜமான மலைச்சாலையில் இப்படி ஓட்டுவது குற்றம்தான். பல இடங்களில் அதைத் தடுக்கவே சாலையில் மேடுகளையும் கம்பங்களையும் நட்டிருக்கிறார்கள்.

எங்கள் கேள்வி வேறு. குற்றத்தைப் பாடும் கலை கலையாகாது என்ற விதியை எப்போது ஏற்படுத்திக்கொண்டோம்? புறத்திணையின் முதல் திணையே வெட்சி. பகைவரின் ஆநிரையைக் களவில் கவர்ந்து வருவது அதன் பொருள். திருவாமாத்தூர் ஆக்களின் ஊர். ஆக்கள் இறைவனை வணங்கிக் கொம்பு பெற்ற தலம் என்பது தல வரலாறு. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மாடு திருடும் திணையை நாங்கள் ரசித்துத்தான் படிக்கிறோம். படித்தவர் யாரும் இதுவரை பக்கத்து ஊர்த் தொழுவத்துக்குள் நுழைந்ததாகத் தகவல் இல்லை.

இன்னும் கிட்டத்தில் வாருங்கள். செஞ்சிக் கோட்டையின் தேசிங்கு, ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி 1714-இல் மாண்டபோது இளைஞன். அரசியலாகப் பார்த்தால் தோற்றே தீரவேண்டிய சண்டை. கப்பம் கட்டி உயிரோடு இருந்திருக்கலாம். மக்கள் அவனைப் பாட்டாக்கினார்கள். அந்தக் கதைப்பாடலின் உயிர் எங்கே இருக்கிறது? குதிரையில். யாராலும் அடக்க முடியாத குதிரையை ஒரு பையன் அடக்கிய கதையில். எங்கள் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கதை இது. தேசிங்கின் குதிரை நாட்டார் மரபு, ஆய்வுக்குரியது. டோஃபு கடைப் பையனின் டொயோட்டா நுகர்வுக் கலாச்சாரம், கண்டிக்கத்தக்கது. இந்தப் பாகுபாட்டுக்கு ஆதாரமாக வயதைத் தவிர வேறு எதையாவது யாராவது காட்டட்டும்.

மேலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம் இளைஞர்கள் சாவது பெரும்பாலும் எந்தக் கல்வியும் தேவைப்படாத வேகத்தால். நாற்கரச் சாலையில் நேராகப் போவதற்கு வலதுகை மணிக்கட்டு போதும். சினிமா அவர்களுக்குக் கற்றுத்தரும் வேகமும் அதுவே: புழுதி, பின்னணி இசை, பறக்கும் வண்டி. வளைவு என்ற ஒன்றே அங்கு கிடையாது. கணவாய் விளையாட்டின் அறம் பிரேக்கில் இருக்கிறது. தணிக்கத் தெரியாதவன் முதல் வளைவிலேயே வெளியேறுகிறான். குவளை நீர் சிந்தாமல் ஓட்டு என்ற அந்தத் தகப்பனாரின் பாடத்தைவிட அடக்கமான பாடம் வாகன சம்பந்தமான எந்தக் கதையில் இருக்கிறது?

வேகத்தை வெறுக்கிறோம் என்பவர்களின் வெறுப்பும் பாரபட்சமானது. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருக்களை அடைத்து, 2024 ஆகஸ்ட் 31-இலும் செப்டம்பர் 1-இலும் இரவு விளக்கொளியில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போயிருந்தது. நீதிமன்றம் வரை போன வழக்கு, செலவு பற்றிய சண்டை, எல்லாம் தெரிந்த கதை. நாங்கள் அதற்கு எதிரிகள் அல்லர். தகுந்த பாதுகாப்போடு, தேர்ந்தவர்கள் ஓட்டினார்கள், நல்லது. ஆனால் அந்த வாரம் அதைத் தமிழகத்தின் பெருமை என்று எழுதியவர்கள், ஒரு பையன் அறைக்குள் உட்கார்ந்து ஹருனாவில் இறங்குவதைச் சீரழிவு என்கிறார்கள். பணமும் அனுமதிச்சீட்டும் சேர்ந்தால் வேகம் விளையாட்டாகிவிடுகிறது. தனியாக இருந்தால் நோயாகிவிடுகிறது. இதற்கிடையில் நம் செய்தித்தாள்கள் சீட்டுக்கட்டுச் சூதாட்டத்துக்கும் வீடியோ கேமுக்கும் ‘ஆன்லைன் விளையாட்டு’ என்ற ஒரே பெயரைச் சூட்டி, பெற்றோரின் பயத்துக்கு நெய் வார்க்கின்றன. சூது என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. அதைப் பயன்படுத்த என்ன கூச்சமோ?

*

கடைசியாக, எங்களை இதை எழுதத் தூண்டிய விஷயம்.

இந்தோனேசியாவின் மாலியோ என்னும் நிறுவனம் 2017-இல் ஒரு பேருந்து ஓட்டும் விளையாட்டை வெளியிட்டது. கைபேசியில் ஆடுவது. பேருந்தின் வெளித்தோற்றத்தை ஆடுகிறவரே வரைந்து ஒட்டிக்கொள்ளலாம். புது வண்டிகளையும் செய்து சேர்க்கலாம். அவ்வளவுதான், நம் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழக வண்டிகள், அரசு விரைவுப் பேருந்துகள், தனியார் வண்டிகள் என்று ஒவ்வொன்றாக வரைந்து சேர்த்திருக்கிறார்கள். விழுப்புரம் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையிடம். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு வண்டியின் வண்ணமும் பெயர்ப்பலகையின் எழுத்தும் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே தொங்கும் மாலையும் அத்துப்படி. பலகையில் ஓர் எழுத்து கோணினாலும் கண்டுபிடித்துத் திருத்துகிறார்கள். பொறுமை, நுட்பம், ஊர்மீது பிடிப்பு: சிற்றிதழ்கள் எந்தக் குணங்கள் அழிந்துவிட்டதாகப் புலம்புகின்றனவோ, அவை எல்லாம் அந்தப் பையன்களிடம் இருக்கின்றன.

வண்டி கிளம்புகிறது. விழுப்புரம் கழகத்தின் பேருந்து. ஆனால் விளையாட்டோடு வரும் சாலை ஜாவாவின் சாலை. நல்லவேளையாக அங்கேயும் இடப்பக்கமே போகிறார்கள். ஓரத்தில் இருக்கும் கடை நம் கடை அல்ல, ஊர்ப்பலகை நம் ஊர்ப்பலகை அல்ல. நம் வண்டி பிறத்தியார் நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. சில ஆர்வலர்கள் சாலைகளையும் தாமே செய்து சேர்க்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு உதவும்படி நம் நவீன இலக்கியத்தில் எத்தனை பக்கம் தேறும்? பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளைப் பற்றி, அதை ஆயிரம்முறை ஓட்டிய ஒரு பேருந்து ஓட்டுநரிடம் கேட்டு எழுதிய ஒரு நூலாவது நம் வாசகப் பரப்பில் பேசப்பட்டதுண்டா? கொல்லிமலையில் எந்த வளைவில் மேலே வரும் வண்டிக்காக எங்கே ஒதுங்க வேண்டும், மழைநாளில் எங்கே கல் சரியும், எந்த வளைவு தாண்டினால் காற்று குளிரும் என்பதெல்லாம் அந்த ஓட்டுநர்களின் கைகளில் இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெறும்போது அதுவும் ஓய்வு பெற்றுவிடும். டோஃபு கடைக்காரரின் மகனுக்கு 48 தொகுதி. நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு ஓட்டியவருக்கு ஒரு சிறுகதைகூட இல்லை என்றால், குறை அவர்களிடமா?

ஜப்பானியரிடம் பணமும் தொழில்நுட்பமும் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்ற சமாதானத்தை ‘வெண்பா’ முடித்துவைத்துவிட்டது. டொராண்டோவின் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023-இல் வெளியிட்ட விளையாட்டு அது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம்; தாயின் பெயர் வெண்பா, தகப்பன் பாவலன், மகன் கவின். அம்மாவின் அம்மா எழுதிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட வரிகளை ஆடுகிறவர் ஊகித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும். 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. ஓர் அடுக்களை, ஒரு குறிப்பேடு, இவ்வளவுதான் மூலதனம். யாப்பின் பெயரைத் தலைப்பாக வைத்துக்கொண்டு உலகத்தின்முன் அவர்கள் நின்றார்கள். யாப்பைப் பற்றி ஓயாமல் சண்டையிடும் நம் பக்கங்களில் அதைப் பற்றி எத்தனை கட்டுரைகள் வந்தன?

நிலம் என்றால் நம் விமர்சகர்களுக்கு ஒரு மனநிலை. ஏக்கம், அந்தி, மண்வாசனை, இத்யாதி. அதனால்தான் நம் கதைகளில் ஊருக்குப் பெயர் இருந்தாலும் வழி இருப்பதில்லை. பேருந்தில் ஏறும் பாத்திரம் ஜன்னலோரம் அமர்ந்து பால்யத்தை நினைக்கத் தொடங்குகிறது. அடுத்த வரியில் இறங்குகிறது. இடையிலிருந்த சாலையை எழுத்தாளர் தின்றுவிட்டார். ஆற்றுப்படைப் புலவனும் ‘கைடோ பேட்டில்’ செய்தவர்களும் தின்னாமல் விட்டது அதைத்தான். இருவருக்கும் நிலம் என்பது தப்பினால் விழுந்துவிடக்கூடிய ஒன்று. ஆகையால் இருவரும் உற்றுப் பார்த்தார்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் பழைய பிளேஸ்டேஷன் தேடிப் போக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. போனால் நஷ்டமில்லை. கேட்பது சின்ன விஷயம். ‘நிலம்’ என்ற சொல்லை அடுத்தமுறை எழுதப் பேனாவை எடுக்கும் நண்பர் ஒரு காரியம் செய்யட்டும். நாமக்கல்லில் வண்டி ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் இடம் பிடித்து, காரவள்ளி தாண்டியதும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும். எழுபது வளைவுகள். முதல் வளைவில் வலப்பக்கம் என்ன இருக்கிறது, நண்பரே? அதைச் சொல்லிவிட்டு மேலே பேசலாம்.